பத்து வருடம் பறக்காதவன்

2007-ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் பறக்கும் ரயிலில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே பர்மா பஜார். அங்கிருந்து ஒரு நாள் 'ஸ்மால்வில்' முதல் சீசன் டிவிடியை வாங்கி வந்தேன். சூப்பர்மேன் சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கதை. கான்சாஸ் மாநிலத்தின் சிறிய ஊர், சோள வயல், பள்ளிக்கூடம், மகனுக்கு இருக்கும் சக்தியை ஊருக்குத் தெரியாமல் மறைக்கும் அப்பா அம்மா.

அறை நண்பர்கள் இருவருக்கும் முதல் வாரத்திலிருந்தே ஒரே கேள்வி: "எப்படா பறப்பான்?"

அவன் பறக்க மாட்டான். தொடரை உருவாக்கியவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்திருந்தார்கள்: அந்த நீலச் சிவப்பு உடையும் கிடையாது, பறப்பதும் கிடையாது. 2001-ல் தொடங்கிய தொடர் 2011 மே மாதம் கடைசி எபிசோடு வரை அந்த விதியைக் காப்பாற்றியது. நான்காவது சீசன் தொடக்கத்தில், தான் யார் என்பதே மறந்த நிலையில் ஒரு முறை பறப்பான். அதை நாங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசி எபிசோடு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் மூன்று ஊர்களில் இருந்தோம். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு ஓசூரிலிருந்து போன். "டேய், பறந்துட்டான்டா." வேறு ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தோம்.

அன்றிலிருந்துதான் நான் எல்லோரையும் சூப்பர்ஹீரோ சீரிஸ் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவெஞ்சர்ஸ் படங்களைத் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தவர்கள். ஆனால் சீரிஸ் என்றால் பின்வாங்குவார்கள். சினிமாவில் ஒருவனுக்குச் சக்தி வந்த அரை மணி நேரத்தில் அவன் ஊரைக் காப்பாற்றியாக வேண்டும். சீரிஸில் அவனுக்குச் செவ்வாய்க்கிழமையும் உண்டு. வாடகை கட்ட வேண்டும், அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டும், அடிபட்ட விலாவோடு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்காகத்தான் நான் பார்க்கிறேன்.

(சில காட்சிகளை விவரித்துத்தான் எழுதப்போகிறேன். முன்பே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் 'டேர்டெவில்' முதல் சீசனையும் 'மிஸ் மார்வெல்' தொடரையும் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.)

முதலில் நான் செய்தது தவறான வழி. கல்லூரி நண்பன் ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் நீளமான பட்டியல் ஒன்று அனுப்பினேன். 'ஆரோ' 2012 அக்டோபரில் தொடங்கியது, அதிலிருந்து 2014-ல் 'ஃப்ளாஷ்' பிறந்தது. இரண்டின் பாத்திரங்களும் ஒருவர் தொடருக்குள் மற்றவர் வந்துபோவார்கள். அதனால் இதில் இத்தனை பார், பிறகு அதில் இத்தனை பார் என்று வரிசை போட்டுக் கொடுத்தேன். வருடத்துக்கு ஏறத்தாழ 23 எபிசோடு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்துக்கு மேல். முடிந்தபோது ஆரோ 170 எபிசோடு, ஃப்ளாஷ் 184. 2019 டிசம்பரில் ஆரம்பித்து அடுத்த மாதம் முடிந்த ஒரே கதை ஐந்து தொடர்களில் ஐந்து பாகமாக வந்தது. முதல் பாகத்தை ஒரு தொடரிலும் இரண்டாவதை இன்னொன்றிலும் தேடிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்காகப் பின்தொடர்கிறவனுக்கு அது திருவிழா. புதிதாக வருகிறவனுக்கு அது ரேஷன் கடை வரிசை. நண்பன் ஆரோ நான்காவது எபிசோடோடு நிறுத்திவிட்டான்.

எனக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அவனுக்கு நான் காட்ட விரும்பியது ஃப்ளாஷ் முதல் சீசனின் கடைசி எபிசோடை. பின்னாளில் ஃப்ளாஷ் ஆகப்போகும் பாரி ஆலனுக்குப் பதினொரு வயதில் அம்மா கொல்லப்படுகிறாள். கொன்றவர் என்று அப்பாவைச் சிறையில் போடுகிறார்கள். பெரியவனாகி, காலத்தையே தாண்டும் வேகம் கிடைத்த பிறகு, அந்த இரவுக்கே திரும்ப ஓடுகிறான். கதவுக்குப் பின்னால் நிற்கிறான். அங்கே ஏற்கெனவே இருக்கும், இன்னும் வயதான அவனே, வேண்டாம் என்று கைகாட்டுகிறான். காப்பாற்றவே வந்தவன் கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்து விடைபெறுகிறான். சிறையிலிருக்கும் அந்த அப்பாவாக நடித்த ஜான் வெஸ்லி ஷிப், 1990-ல் ஒரே ஒரு சீசன் வந்த பழைய தொடரில் தானே ஃப்ளாஷாக நடித்தவர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து மகனோடு பேசும் காட்சி ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

அந்தக் காட்சியை மட்டும் வெட்டி யூடியூபில் காட்டிப் பயனில்லை. காட்டிப் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கு" என்பார்கள், அவ்வளவுதான். முன்னால் 22 எபிசோடு அவனோடு இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கதவிடுக்கு தொண்டையை அடைக்கும். ஆக, குறுக்கு வழி கிடையாது. யாரையாவது அழைப்பதென்றால் முழுத் தூரமும் நடக்கத்தான் அழைக்க வேண்டும். அப்படியென்றால் அவர் எதற்காக நடப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மதுரையில் எனக்கொரு வக்கீல் நண்பன். பெரும்பாலும் வாடகை வழக்கு, சொத்துத் தகராறு. சண்டைப் படம் என்றால் எழுந்து போய்விடுவான். 2018 ஆகஸ்டில் அவன் வீட்டில் இரண்டு நாள் தங்கியபோது 'டேர்டெவில்' போட்டேன். முகமூடி, சக்தி எதுவும் சொல்லவில்லை. "ரெண்டு பேர் புதுசா வக்கீல் ஆபீஸ் போடறாங்க, கையில காசில்ல" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. முதல் சீசன் தொடங்குவதே அங்கேதான். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதி, காலியான இரண்டு அறை, மேட் மர்டாக், ஃபாகி நெல்சன். மேட்டுக்குக் கண் தெரியாது. சிறுவயதில் விபத்தொன்றில் ரசாயனம் பட்டுப் பார்வை போனது, மற்ற புலன்கள் எல்லாம் பல மடங்கு கூர்மையாகிவிட்டன. பகலில் வழக்கு, இரவில் முகமூடி.

மூன்றாவது எபிசோடில் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு கொலைகாரனுக்காக வாதாடும் வேலை இவர்களுக்கு வந்து சேர்கிறது. எதிரில் இருப்பவரின் இதயத்துடிப்பு மேட்டின் காதில் விழும். யார் பொய் சொல்கிறார்கள், ஜூரியில் யாரை மிரட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதில் எதையும் நீதிபதி முன்னால் சொல்ல முடியாது. நண்பன் படத்தை நிறுத்தினான். "தெரியறது வேற, நிரூபிக்கிறது வேற. நாங்க தினமும் அதுக்கு நடுவுலதான்டா நிக்கறோம்" என்றான். மேட் முகமூடி போடுவதே அந்த இடைவெளியால்தான். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது உறைத்ததில்லை. சண்டைக்காட்சிகளையே ரசித்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அப்புறம் கார்டெனாஸ் அம்மாள் வருகிறார். குறைந்த வாடகைக் குடியிருப்பில் பல வருடமாக வாழும் வயதான பெண்மணி. கட்டட உரிமையாளர் ரிப்பேர் பார்க்க ஆள் அனுப்புகிறார். வந்தவர்கள் சுவரையும் குழாயையும் உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இருப்பவர்கள் தாங்களாகவே காலி செய்துவிட வேண்டும் என்பது திட்டம். அந்த இடத்தில் நண்பன் மறுபடி நிறுத்தி, தன் கட்சிக்காரர் ஒருவரின் வீட்டில் கரண்டை எப்படி வெட்டினார்கள், தண்ணீர் மோட்டார் சாவியை எப்படி ஒளித்தார்கள் என்று அரை மணி நேரம் சொன்னான். கறிதோசை ஆறிப்போனது. அந்தத் தெருக்களையெல்லாம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைப்பவன்தான் வில்லன், வில்சன் ஃபிஸ்க். வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ நடித்திருக்கிறார். மூன்றாவது எபிசோடு முடிவில்தான் முகத்தையே காட்டுவார்கள். ஓவியக் கூடத்தில், வெறும் வெள்ளையாகத் தெரியும் ஒரு ஓவியத்தின் முன் தனியாக நிற்கிறார். அதுவரை அவர் பெயரைச் சொல்லக்கூட எல்லோருக்கும் பயம்.

இரண்டாவது எபிசோடு முடிவில் வரும் தாழ்வாரச் சண்டையைப் பற்றி இந்தத் தொடரின் ரசிகர்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள். கடத்தப்பட்ட ஒரு சிறுவனை மீட்க மேட் தனியாக உள்ளே போகிறான். மூன்று நிமிடம்போல, வெட்டே இல்லாதது மாதிரி ஒரே ஓட்டமாகப் போகும் காட்சி. கேமரா தாழ்வாரத்திலேயே நின்றுவிடும். பக்கத்து அறைகளுக்குள் நடப்பது சத்தமாக மட்டும் வரும். நண்பன் கவனித்தது ஒன்றைத்தான்: "மூச்சு வாங்குதுடா அவனுக்கு. சுவத்துல சாஞ்சு நிக்கறான் பாரு." ஆமாம். அடிபட்டு விழுந்தவர்கள் மறுபடி எழுகிறார்கள், இவனுக்கோ நிற்கவே தெம்பில்லை. கடைசியில் பையனைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வெளியே வருகிறான்.

அந்த நவம்பரில், மூன்றாவது சீசன் வந்த மறு மாதமே, தொடரை நிறுத்திவிட்டார்கள். என்னைவிட அவனுக்குத்தான் கோபம். 2025 மார்ச்சில் 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' என்று, மேட்டாக நடித்த அதே சார்லி காக்ஸோடு திரும்ப வந்தபோது முதல் ஆளாக அவன்தான் எனக்குப் போன் செய்தான்.

இந்தத் தொடரை வைத்து இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியில் அதிகாரியாக இருக்கும் நண்பர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கம். 2015 ஏப்ரல் 10 அன்று நெட்ஃப்ளிக்ஸ் இதை வெளியிட்டபோது, காட்சியில் நடப்பதைக் குரலில் விவரிக்கும் வசதி இல்லை. நாயகனே பார்வையற்றவன், ஆனால் பார்வையற்றவர்கள் அதைப் பின்தொடர வழியில்லை. அவர்கள் விடாமல் கேட்டார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 14 அன்று, அந்த வசதியை இந்தத் தொடரிலிருந்தே தொடங்குவதாக நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. சார்லி காக்ஸ் பார்வை உள்ளவர். பார்வையற்ற ஆலோசகர் ஒருவரிடம் பழகித்தான் அந்த நடையையும் கைத்தடியையும் கற்றுக்கொண்டார்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர் உடனே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் எபிசோடிலேயே ஒரு இடம் அவருக்குப் பிடித்துவிட்டது. மேட்டின் பெரிய வீட்டுக்கு வாடகை குறைவு. ஜன்னலுக்கு எதிரே ராட்சத விளம்பரப் பலகை இரவு முழுக்க எரியும், வேறு யாரும் அங்கே தூங்க முடியாது. நண்பர் சிரித்துவிட்டு, "எங்க ஹவுஸ் ஓனர்கூட உங்களுக்கு லைட் செலவு இருக்காதேன்னுதான் வீடு கொடுத்தார்" என்றார். ஆனால் அவருக்கு ஒரு மறுப்பும் உண்டு. "அவனுக்குத்தான் எல்லாம் தெரியுதே. அவன் எங்க ஆள் இல்ல. ஸ்கேன் மிஷின் மாதிரி காது. ஆபீஸ்ல பிரெய்ல் தடவிப் படிக்கறான் பாருங்க, அப்ப மட்டும் எங்க ஆள்." அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு சீசன் வரை கேட்டார், மூன்றாவதுக்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நேரமே இல்லை என்பவர்களுக்கு 1992-ல் வந்த 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்'. ஒரு எபிசோடு 22 நிமிடம்தான். பின்னணி ஓவியங்களைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள், அதனால் அந்த ஊர் முழுக்க இருட்டிலிருந்து வெளிச்சம் கசிகிற மாதிரி இருக்கும். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் தோழி ஒருத்திக்கு, மிஸ்டர் ஃப்ரீஸ் வரும் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடை மட்டும் சொன்னேன். நோயுற்ற மனைவியை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்த்த விஞ்ஞானி அவன். காலை பஸ்ஸில் பார்த்துவிட்டு அடுத்தது என்னவென்று கேட்டாள். சரித்திரம் படிப்பவர்களுக்கு 2019-ல் வந்த 'வாட்ச்மென்', ஒன்பது எபிசோடு. 1921-ல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பின மக்களின் கிரீன்வுட் பகுதியைக் கொளுத்திய படுகொலையில் ஆரம்பிக்கிறது. ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்களிடம் 'தி பாய்ஸ்' பெயரையே எடுக்க மாட்டேன், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

கடைசியாக, அலுவலகத் தோழி ஒருத்தி. வியாசர்பாடி பி.வி. காலனியில் வளர்ந்தவள். பி.வி. என்றால் பர்மா, வியட்நாம். அங்கிருந்தெல்லாம் திரும்பி வந்த தமிழர்களுக்காக உருவான குடியிருப்பு. நான் மேன்ஷன் காலத்தில் டிவிடி வாங்கிய பர்மா பஜாரில் அவளுடைய மாமா கடை வைத்திருந்தார் என்பது பழகி வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பர்மா நூடுல்ஸான அத்தோ எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் கடையின் பெயரோடு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்வாள். சீரிஸ் என்றால், "அமெரிக்கப் பொண்ணு கதை எனக்கெதுக்கு? வீட்டுக்குப் போனா மாவு அரைக்கவே நேரம் சரியாப் போகுது" என்பாள்.

2023 கோடை விடுமுறையில் அவளுடைய பதின்மூன்று வயது மகளுக்காக 'மிஸ் மார்வெல்' சொன்னேன். 2022-ல் வந்தது, ஆறே எபிசோடு. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண் கமலா கான். நடித்த இமான் வெல்லானி கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். முதல் எபிசோடில் கமலாவின் அம்மா, மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், அப்பாவும் கூடப் போகட்டும் என்று இருவருக்கும் பச்சை நிறத்தில் ஹல்க் உடை தைத்து வைத்திருப்பாள், சல்வார் கமீஸாக. அதைப் பார்த்து மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாளாம். அம்மாவும் மாவரைக்கும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கமலாவுக்குச் சக்தி வருவது கொள்ளுப்பாட்டியின் பழைய வளையல் ஒன்றால். நான்காவது எபிசோடில் கராச்சிக்குப் போகிறாள். அங்கே இருக்கும் பாட்டி, தன் பாஸ்போர்ட் பாகிஸ்தானுடையது, வேர் இந்தியாவில், நடுவில் ரத்தத்தால் போட்ட எல்லை என்ற பொருளில் பேசுகிறார். ஐந்தாவது எபிசோடு 1947. ரயில் நிலையம், மூட்டை முடிச்சுகளோடு தள்ளுமுள்ளு, கடைசி ரயில். அந்தக் கூட்டத்தில் கைவிட்டுப்போன ஒரு சின்னக் குழந்தை. அந்தக் குழந்தைதான் பின்னாளில் அந்தப் பாட்டி. அந்த ரயில் நிலையக் காட்சியில் பறத்தல், ஊரைக் காப்பாற்றுதல் எதுவும் கிடையாது. வளையல் கமலாவை அந்த இரவுக்கே கொண்டுபோகிறது. தன் சக்தியால் வெளிச்சத் துண்டுகளைப் படிபோல அடுக்கி, அந்தக் குழந்தையை அதன் அப்பாவிடம் சேர்க்கிறாள். அவ்வளவுதான் அங்கே அவள் செய்வது.

அங்கே மகள் கேட்டிருக்கிறாள்: "அம்மா, பெரிய ஆயா எப்படி வந்தாங்க?"

"கப்பல்ல" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் சொல்ல எதுவும் தெரியவில்லை என்று திங்கட்கிழமை என்னிடம் சொன்னாள். "சின்ன வயசுல சொல்ல ஆரம்பிப்பாங்க. நாங்க விளையாட ஓடிடுவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயா வீட்டுக்குப் போகும்போது என்னையும் அழைத்தாள். ஆயாவுக்கு எண்பத்தைந்து வயது. கண் கொஞ்சம் மங்கல், குரல் கணீரென்று இருந்தது. 1964-ல் வந்திருக்கிறார், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ரங்கூனில் அவர்கள் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, கொஞ்சம் பணமும் கொஞ்சம் நகையும் தவிர எதையும் கொண்டுவர விடவில்லை, தையல் மெஷினைப் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். மெஷினைப் பற்றி மூன்று முறை சொன்னார். எந்தக் கம்பெனி, எந்தப் பக்கம் சக்கரம், எண்ணெய் எங்கே விட வேண்டும் என்று எல்லாம்.

கொள்ளுப்பேத்தி போனை எடுத்து அந்த ரயில் நிலையக் காட்சியைப் போட்டாள். மொழி புரியாது, எழுத்தும் தெரியாது. போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பார்த்தார். எங்கே யார் போகிறார்கள் என்று சிறுமி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குழந்தை அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது.

"அம்மாக்காரி?" என்று கேட்டார் ஆயா.

நானும் தோழியும் ஒன்றும் சொல்லவில்லை. சிறுமிதான் சொன்னாள். "அவங்க வரல, பெரிய ஆயா."

ஆயா போனைத் திருப்பிக் கொடுத்தார். "எங்கம்மாவும் வரல" என்றார். "கப்பல் மேல இருந்து பார்த்தேன். குடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னுது. மழையே இல்ல."

தன் ஆயாவுக்கு ரங்கூனிலேயே தங்கிவிட்ட ஓர் அம்மா இருந்தார் என்பது என் தோழிக்கு அன்றுதான் தெரியும். பெயர் என்ன என்று கேட்டாள். ஆயா சொன்னார். சிறுமி அதைப் போனில் எழுதிக்கொண்டாள்.

ஆறாவது எபிசோடை அவர்கள் அன்று பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி ஆயா மொய்ங்கா கொடுத்தார், பர்மா நூடுல்ஸ் சூப். வாழைத்தண்டு நறுக்கிப் போட்டது, நல்ல காரம்.